அலுமினியக் குழாயும் நூற்றிருபது கிராமும்

“இரும்புப் புகைக்குழாய் பதினொரு கிலோ. அலுமினியம் நாலு கிலோ. இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றார் டர்போ சார்.

காருக்கு அடியில் படுத்திருந்த வெல்டர் அக்காவின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அந்தக் கால்களிடம்தான் அவர் அரை மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

காப்பீட்டு அலுவலகத்தில் அவர் துணை மேலாளர். பழைய டர்போ கார் ஒன்றை வாங்கிய நாளிலிருந்து எந்தப் பேச்சை எடுத்தாலும் அதில் ஒரு டர்போவைப் பொருத்திவிடுவார்; பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. இப்போது அந்தக் காருக்கே ஆபத்து. ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதைப் பந்தயம். மச்சினனும் அதே மாதிரிக் காரில் கலந்துகொள்கிறான். “என் தம்பியை ஜெயிச்சா காரை வெச்சுக்கோங்க. தோத்தா வித்துடணும்” என்று மனைவி சொன்னபோது, வாயில் இட்லிக்குப் பதிலாகக் கர்வம் இருந்ததால், இவர் தலையை ஆட்டிவிட்டார்.

அக்கா வெளியே வந்து கையைத் துடைத்தாள். “எடை சரி சார். சூடு? டர்போவை விட்டு வர்ற புகை எண்ணூறு டிகிரி தாண்டும். அலுமினியம் அறுநூத்தி அறுபதுலயே கூழாயிடும். தொங்குறது அதுக்கும் முன்னாடி.”

“விமானமே அலுமினியத்துலதான் பறக்குது.”

“இறக்கைதான் சார் அலுமினியம். நெருப்பு கக்குற எடத்துல அதையா வெச்சிருக்கான்?”

“அக்கா, நான் இதைப் பத்தி நாலு மாசமாப் படிக்கிறேன்.”

“நான் இருபது வருஷமா சுட்டுக்கிறேன்.”

வாடிக்கையாளர் ஜெயித்தார். திங்கட்கிழமை மாலை, பளபளவென்று அலுமினியக் குழாய் மாட்டிக்கொண்டு கார் புறப்பட்டது. என்ன வேகம்! மேம்பாலத்தில் ஏறும்போது டர்போ சாருக்கு இறக்கையே முளைத்துவிட்டது. பாலத்தின் உச்சியில் அடியிலிருந்து ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம். குழாய் வெயிலில் வைத்த மெழுகுவத்தி மாதிரி வளைந்து சாலையை உழுதுகொண்டு வந்தது.

செவ்வாய்க்கிழமை புதுக் குழாய். இந்த முறை அவரே யோசித்து, அதைச் சுற்றிக் கனமான, வெப்பம் தாங்கும் துணியைக் கட்டினார். கார் மேம்பாலம் வரைகூடப் போகவில்லை.

“சூட்டை வெளிய விடாம கம்பளி போர்த்தி வெச்சிருக்கீங்க” என்றாள் அக்கா, குழாயில் விழுந்த ஓட்டை வழியாக அவரைப் பார்த்தபடி. “உள்ள இருக்கறது என்ன செய்யும், தூங்குமா?”

“சரி, டர்போ பக்கத்துல ஒரு மீட்டர் மட்டும் இரும்பு. பின்னாடி அலுமினியம். அதுதான் நான் முதல்லேர்ந்து சொல்ல வந்தது.”

“சொல்ல வந்தீங்க, வழியிலயே நின்னுட்டீங்க. ஆனா ரெண்டையும் ஒண்ணா பத்தவைக்க முடியாது சார். சம்பந்திங்க மாதிரி. நடுவுல ஒரு கிளாம்ப் போட்டு உக்கார வைக்கலாம், அவ்வளவுதான்.”

சம்பந்திகள் ஒரு நாள்தான் ஒற்றுமையாக இருந்தார்கள். சூடேறியதும் அலுமினியம் ஒரு பக்கம் அதிகமாக நீள, இரும்பு அசையாமல் நிற்க, இடைவெளியில் புகை பெருஞ்சத்தத்தோடு பீறிட்டது. வீட்டில் மனைவி தம்பியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா சத்தம், அத்தான் வந்துட்டாரா?”

“இல்லடா, இன்னும் ரெண்டு தெரு தள்ளி வர்றாரு.”

வியாழக்கிழமை இணைப்பில் தடித்த தகடுகள், ஸ்பிரிங் வைத்த போல்ட்டுகள், புகை கசியாமல் அடைக்க இரட்டை கேஸ்கெட். சத்தம் அடங்கியது. டர்போ சார் ஆவலோடு எல்லாவற்றையும் தராசில் போட்டுக் கூட்டினார். நாலு கிலோவில் ஆரம்பித்த குழாய் பத்தரை கிலோவில் வந்து நின்றது.

“அரைக் கிலோ மிச்சம் சார்” என்றாள் அக்கா. “வாழ்த்துகள்.”

அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. குழாய் கைவிட்டால் என்ன, கார் முழுக்க எடைதானே? சனிக்கிழமை காலை ஸ்பானரோடு இறங்கினார். பின்சீட்டு போயிற்று. ஸ்டெப்னி, ஜாக்கி, தரைவிரிப்பு, கதவுகளின் உள்பலகை எல்லாம் போயின. கடைசியில் டாஷ்போர்டு அறையைத் திறந்தார். உறை பிரிக்காத பந்தய விதிப்புத்தகம் இருந்தது. கையில் வைத்து எடைபோட்டுப் பார்த்தார்; நூற்றிருபது கிராம் இருக்கும். அதையும் தூக்கிப் போட்டார்.

மனைவி கூடத்தில் பின்சீட்டின் மேல் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். “ரொம்ப வசதியா இருக்குங்க. நாளைக்குக் காரை வித்தாலும் இதை மட்டும் குடுத்துடாதீங்க.”

“நாளைக்குப் பாரு” என்றார் டர்போ சார்.

ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்தில் வரிசையாகக் கார்கள் எடைமேடை ஏறி இறங்கின. மச்சினன் முன்னால் நின்றான். பின்சீட்டு, ஸ்டெப்னி, பழைய இரும்புக் குழாய், எல்லாம் அப்படியே.

“என்ன மாப்பிள்ளை, வீட்டையே கட்டி இழுத்துட்டு வந்திருக்கே?”

“இருந்துட்டுப் போகட்டும் அத்தான்” என்று சிரித்துவிட்டு அவன் மேடையைத் தாண்டிப் போனான்.

டர்போ சாரின் முறை. கார் மேடையில் ஏறியது. அவர் இறங்கி, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி அலுமினியத்தின் அருமை பற்றி மூன்று நிமிடம் பேசினார். நாலைந்து பேர் கைதட்டக்கூடச் செய்தார்கள். எண் விழுந்தது. அவர் அதைத் தன் மதிப்பெண் மாதிரி நிமிர்ந்து பார்த்தார்.

எடைமேடைப் பெண் அட்டையில் எதையோ அடித்துவிட்டுப் பேனாவை மூடினாள்.

“இந்தப் பந்தயத்துக்குன்னு ஒரு குறைஞ்சபட்ச எடை இருக்கு சார், உங்க வண்டி அதுக்கு முப்பத்தெட்டு கிலோ கம்மி; பின்சீட்டு, ஸ்டெப்னி, இரும்புக் குழாய்னு ஏதாவது கைவசம் இருந்தா பத்து நிமிஷத்துல மாட்டிட்டு வாங்க, இல்லேன்னா ஓட விடமாட்டோம்.”