காதோடு ஒரு வார்த்தை

"பனியன உள்ள உடு சாமி" என்று ஏழாம் நம்பர் கௌசிக்கின் காதோரம் போய்ச் சொன்னாள் நடுவர் தனப்பிரியா.

வெண்ணந்தூரில் கூடைப்பந்து இறுதி ஆட்டம். பந்து வெளியே போய் ஆட்டம் நின்றிருந்தது. இப்படி நிற்கும்போது நடக்கிற சில்லறைத் தப்புக்கெல்லாம் விசில் ஊதி ஊரைக் கூட்டக்கூடாது, பக்கத்தில் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். போன வருடம் எல்லாவற்றுக்கும் கத்தித் தீர்த்ததில்தான் மாநில நடுவர் பட்டியல் அவள் கையை விட்டுப் போனது. வீட்டுக்குப் போய் அழுதாள். இந்த முறை சத்தமே வரக்கூடாது.

பட்டியலுக்கு ஆள் எடுக்கும் மேற்பார்வையாளர் வருவதாகத் தகவல். முன்வரிசைக் கண்ணாடிக்காரர்தான் அவர் என்று தனப்பிரியா கண்டுபிடித்துவிட்டாள். ஆட்டத்துக்கு முன்பே வந்து விசாரித்தாரே!

"கண்ணு நல்லாத் தெரியுமுங்களா? கோவம் கீவம் வருமுங்களா?"

"சேச்சே, வரவே வராதுங்க."

ஏனோ அவர் முகம் சப்பென்று ஆனது.

கௌசிக் பனியனைச் செருகுவதற்குள் எதிரணியான கெங்கவல்லியின் கோச் அர்த்தநாரி எல்லைக்கோட்டைத் தாண்டி வந்துவிட்டார்.

"அவங்களுக்கு மட்டும் என்ன ரகசியம் மேடம்?"

கோச் கோட்டைத் தாண்டுவதும் சில்லறைத் தப்புதான். அவர் காதிலும் சொன்னாள். "கோட்டுக்குப் பின்னால போங்க சார்."

"கோச்சுகிட்டயும் பேசி முடிச்சாச்சுடோய்!" என்று கூட்டம் கொதித்தது.

சந்தேகம் தீரட்டும் என்று இரண்டு அணி ஆட்டக்காரர்கள் காதிலும் பனியன் விஷயத்தைச் சொன்னாள். அவர்கள் கோயிலில் திருநீறு வாங்குவதுபோல வரிசை கட்டினார்கள். உட்கார்ந்திருந்த மாற்று ஆட்டக்காரர்களும் வந்து கடைசியில் நின்றார்கள். கோப்பை கொடுக்கும் கருப்பண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கினார்.

"ஏனுங்க மேடம், கோப்ப குடுக்கறவன் நானுங்க. எங்காதுலயும் சொல்லீருங்க!"

தனப்பிரியாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. விசில் அலறியது.

"பனியன உள்ள உடுன்னேன்! அவ்வளவுதான்! மொதல்ல எல்லாரும் அவங்கவங்க எடத்துக்குப் போங்க!"

ஆட்டக்காரர்கள் பனியனைச் செருகினார்கள். கருப்பண்ணன் சட்டையை வேட்டிக்குள் செருகியபடி நாற்காலிக்கு ஓடினார். பார்க்க வந்தவர்களும் செருகினார்கள், கண்ணாடிக்காரர் உட்பட.

மீதி ஆட்டம் வழுக்கிக்கொண்டு போய் முடிந்தது. தனப்பிரியாவுக்கு அழுகை முட்டியது. இந்த வருடமும் போச்சு. கண்ணாடிக்காரர் முன்னால் போய்த் தலைகுனிந்து நின்றாள்.

"மன்னிச்சிருங்க சார். கத்திட்டேனுங்க. பட்டியல்ல எம்பேரு..."

"பட்டியலா? அந்த சாரு பஸ்ஸ உட்டுட்டாராமா, வல்லீங்க" என்றார் அவர் முகமெல்லாம் சிரிப்பாக. "நான் உங்கம்மா சொல்லி எம்பையனுக்குப் பொண்ணு பாக்க வந்தவனுங்க. எங்கூட்டுக்காரியும் பையனும் தெனம் போடற சண்டைக்கு, இப்படி ஒரு சத்தம் போட ஆளில்லாமத்தானுங்க இத்தன நாளாத் தேடிட்டிருந்தோம்!"