தரமாகத் தோற்ற பன்றிகள்

ஒரு காட்டில் எட்டுக் கல்லூரிகள் இருந்தன. கல்லூரி என்றதும் மரியாதையாக எழுந்து நிற்காதீர்கள், உட்காருங்கள். யானைக்கு ஒன்று, புலிக்கு ஒன்று, கரடிக்கு ஒன்று, காட்டுப்பன்றிக்கு ஒன்று என்று சாதிக்கொரு கல்லூரி. ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய மைதானம் உண்டு. மைதானத்து ஓரத்தில் பேருக்கு ஒரு வகுப்பறை உண்டு. வகுப்பறையில் வௌவால் குடியிருந்தது.

இந்த எட்டும் சேர்ந்து கூட்டணி ஒன்று வைத்திருந்தன. கூட்டணி என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, நீங்களும் ஓட்டுப் போடுகிறவர்கள்தானே. மழை நின்றதும் கூட்டணியின் ஆட்டப் பருவம் தொடங்கும். ஆட்டம், அமெரிக்கக் கால்பந்து. வழி தவறி அமெரிக்கா வரை போய்த் திரும்பிய ஒரு நாரை கொண்டுவந்து சேர்த்த வியாதி அது. பேர்தான் கால்பந்து. பந்தைக் காலால் தொட்டவனைக் கண்டவரில்லை. மாங்கொட்டை மாதிரி இருக்கும் அதைக் கவ்விக்கொண்டோ தூக்கிக்கொண்டோ ஓட வேண்டும். எதிராளிகள் மேலே விழுந்து அமுக்குவார்கள். அமுக்குக்குத் தப்பி அந்தக் கோடியில் இருக்கும் கோட்டைத் தாண்டினால் புள்ளி. ஆட்டம் சூடு பிடிக்கிற நேரமாகப் பார்த்துக் குரங்குகள் "நிறுத்து" என்று கத்தும். ஏனென்றால் ஆட்டத்தைக் காடு முழுக்கத் திரையில் காட்டும் உரிமை குரங்குகளுடையது, விளம்பரம் போட வேண்டும். இருபத்திரண்டு தடியர்கள் வெயிலில் நின்று நகம் கடிப்பார்கள்.

மனிதர்கள் தங்கள் அணிகளுக்குப் புலி, கரடி என்று பேர் வைத்துக்கொள்கிறார்கள் அல்லவா? அதற்குப் பழிக்குப் பழியாக இவை மனிதர்களின் பேரை வைத்துக்கொண்டன. யானை அணிக்குப் பேர் 'தாசில்தார்கள்'. புலி அணிக்கு 'வக்கீல்கள்'. முள்ளம்பன்றி அணிக்கு 'டாக்டர்கள்'. நம் காட்டுப்பன்றி அணிக்கு 'லாரி டிரைவர்கள்'. ஆட்டத்துக்கு ஆட்டம் அந்தப் பேருக்கேற்ற வேஷத்தில் ஒரு இளம்பன்றி லுங்கியை மடித்துக் கட்டி, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி இரண்டு காலில் ஆடும். கூட்டம் விசிலடிக்கும்.

பன்றி அணியின் பயிற்சியாளர் பேர் வராகசாமி. நல்ல ஆள்தான். கதை தொடங்கும்போது நல்ல ஆள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டணியில் ஒரு சட்டம் இருந்தது. பருவத்தின் கடைசியில் தேர்வுக் குழு இரண்டே அணிகளைப் பெரிய ஆட்டத்துக்கு எடுக்கும். அந்த இரண்டு கல்லூரிகளுக்கும் கோடை முழுக்க ஆற்றங்கரை சொந்தம். மற்றவர்கள் எப்படியோ போகட்டும். மற்ற மிருகங்கள் சுனையோ குட்டையோ தேடி ஒப்பேற்றிவிடும். பன்றிக்கு முடியாது. பன்றிக்கு வேர்க்காது, சேற்றில் புரண்டால்தான் உடம்பு தாங்கும். சேறு இல்லாத கோடையில் குட்டிகளுக்குத் தோல் வெடித்து ரத்தம் கசியும். அப்புறம் கூட்டம் ஈரம் தேடி மலையடிவாரத்துச் சோளக்காட்டுக்கு இறங்கும். அங்கே மனிதர்கள் தீனிக்குள் வெடிமருந்து வைத்த அவுட்டுக்காயைப் போட்டு வைத்திருப்பார்கள். போன கோடையில் வராகசாமியின் தம்பி அதைத்தான் கடித்தான். முகம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை.

அந்தத் தம்பியின் மகள் செம்பிதான் இப்போது அணித்தலைவி. "இந்த வருஷம் அத்தனை ஆட்டமும் ஜெயிக்கிறோம் அம்மிணி, ஆத்தங்கரைக்குப் போறோம்" என்றார் வராகசாமி.

ஜெயித்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு ஆட்டம். செம்பி பந்தைக் கவ்வித் தலையைக் குனிந்தால் கோடு தாண்டித்தான் நிமிர்வாள். மான்களை ஜெயித்தார்கள், கரடிகளை ஜெயித்தார்கள். முள்ளம்பன்றிகளோடு ஆடியபோது பந்து வெடித்துக்கொண்டே இருந்தது, வேறு வேறு பந்து மாற்றி அவர்களையும் ஜெயித்தார்கள். புலிகளை ஆட அழைத்தபோது "தேதி இல்லை" என்று பதில் வந்தது.

வாராவாரம் தேர்வுக் குழு ஒரு மருத மரத்தில் வரிசைப் பட்டியலைத் தொங்கவிடும். முதலிடம் யானை. இரண்டாமிடம் புலி. பன்றி ஆறாமிடம். பன்றியிடம் அடிவாங்கிய கரடி நாலாமிடம்.

வராகசாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேரே தேர்வுக் குழுவின் மரத்துக்குப் போனார். அங்கே வரிசை. வரிசையில் நிற்க டோக்கன். டோக்கன் வாங்க வேறு வரிசை. ஒருவழியாகக் கிளை அடிக்குப் போனதும் குமாஸ்தா அணில் கேட்டது, "என்ன புகார்? தோத்ததுக்கா, ஜெயிச்சதுக்கா?"

"ஜெயிச்சதுக்குங்க."

"பச்சைப் படிவம். மூணு நகல்."

குழுவின் தலைவர் ஒரு தேவாங்கு. பகலெல்லாம் தூங்கும் பிராணி. ஆட்டமெல்லாம் பகலில்தான் நடக்கும். இந்தக் கோளாறு எப்படி யாருக்கும் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள், தோன்றியவர்களுக்கெல்லாம் படிவம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தேவாங்கு ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது.

"ஏனுங்க தலைவரே, ஒரு ஆட்டங்கூடத் தோக்கலைங்க. எங்களுக்கு ஆறாவது இடமுங்களா?"

"யாரை ஜெயிச்சீங்க வராகசாமி சார்?"

"கரடியை ஜெயிச்சமுங்க."

"கரடி பலவீனமான அணியாச்சே."

"அதெப்படிங்க? போன வாரம் பலமான அணின்னு நீங்களேதான் திரையில சொன்னீங்க."

"சொன்னேன். அதுக்கப்புறம்தான் உங்ககிட்டத் தோத்துட்டாங்களே. பன்னிகிட்டத் தோக்குற அணி எப்படி சார் பலமான அணியா இருக்கும்?"

வராகசாமிக்குத் தலை சுற்றியது. மரத்தில் சாய்ந்துகொண்டு, "அப்படிப் பார்த்தா புலி ரெண்டு ஆட்டம் தோத்திருக்குதுங்களே" என்றார்.

"யார்கிட்டத் தோத்தாங்க, அதைப் பாருங்க. ஒண்ணு நம்ம யானைகிட்ட. இன்னொண்ணு பக்கத்துக் காட்டு யானைகிட்ட. ரெண்டும் தரமான தோல்வி. பெரிய இடத்துல போய்த் தோத்திருக்காங்க. உங்ககிட்ட அப்படி எடுத்துக் காட்ட ஒரு தோல்வியாவது இருக்கா?"

இல்லை என்று சொல்ல வராகசாமிக்கே கூச்சமாகப் போய்விட்டது. கல்யாணத்துக்கு மொய் கவர் மறந்து வந்தவர் மாதிரி நின்றார். "சரிங்க, யானையோடயே ஆடறோம், ஏற்பாடு பண்ணுங்க" என்றார்.

யானைகளும் ஒத்துக்கொண்டன. அவற்றின் கல்லூரியில் ஆண்டு விழா வந்தது. ஆண்டு விழாவுக்குப் பந்தல், வாழைமரம், அடிப்பதற்கு ஒரு சின்ன அணி, மூன்றும் வேண்டும்.

ஆட்டம் தொடங்கியது. யானை பலசாலிதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் திரும்புவதற்கு நேரம் எடுத்துக்கொள்ளும். அது திரும்புவதற்குள் செம்பி அதன் காலுக்கிடையில் புகுந்து அந்தப் பக்கம் போயிருப்பாள். பாதி ஆட்டம் முடிந்தபோது பன்றிகள் முன்னால் இருந்தன. பந்தலில் இருந்த பெரிய மனிதர்கள், மன்னிக்கவும், பெரிய யானைகள் கரும்பைக் கடிப்பதை நிறுத்திவிட்டன.

எளியவன் வலியவனை வென்றான் என்று முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைக்கிறீர்கள். அதற்கு வேறு கதைசொல்லியைப் பாருங்கள்.

இடைவேளையில் தேவாங்கு வந்தது. அதுவாக நடந்து வந்தால் அடுத்த பருவம் ஆகிவிடும் என்பதால் ஒரு குரங்கின் முதுகில் ஏறி வந்தது. வராகசாமியின் காதருகில் குனிந்து, "என்ன சார் காரியம் பண்றீங்க?" என்றது.

"ஜெயிக்கிறமுங்க."

"அதைத்தான் கேட்கிறேன். நீங்க யானையை ஜெயிச்சா யானை பலவீனமான அணி ஆயிடும். பலவீனமான அணியை ஜெயிச்சவங்களை நான் எந்த முகத்தோட மேல ஏத்துறது? யோசிங்க. கொஞ்சம் வித்தியாசத்துல தோத்தீங்கன்னு வைங்க, உங்களுக்கும் ஒரு தரமான தோல்வி ஆச்சு. அப்புறம் ஆத்தங்கரை எங்க போயிடப் போகுது?"

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கச் சொல்கிறானே பாவி என்று வராகசாமி நினைத்துக்கொண்டார். ஆனால் கண்ணுக்குள் தம்பியின் முகம் வந்தது. குட்டிகளின் வெடித்த முதுகு வந்தது. அவர் செம்பியைத் தனியே கூப்பிட்டார்.

"அம்மிணி, தோத்துரலாம்."

"என்ன பெரியப்பா சொல்றீங்க? நாமதானே முன்னால இருக்கிறோம்?"

"அதுதான் அம்மிணி சிக்கல். நம்ம குட்டிகளுக்காகச் சொல்றேன். கேளு."

அவள் கேட்டாள். கடைசி ஓட்டத்தில் பந்தோடு மொத்த மைதானத்தையும் கடந்துபோய், கோட்டுக்கு ஓரடி முன்னால் நின்று, பந்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். ஏதோ சூழ்ச்சி என்று பயந்து யானைகள் கொஞ்ச நேரம் கிட்டவே வரவில்லை. அப்புறம் ஒரு யானை மெல்ல வந்து பந்தை எடுத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க நடந்தே போய் மறுகோட்டில் வைத்தது. திரையில் குரங்கு, "என்ன ஒரு வேகம்!" என்று அலறியது. லுங்கி கட்டிய இளம்பன்றி லுங்கியை அவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு அழுதது. பன்றிகள் ஒரே புள்ளியில் தோற்றன.

அந்த வாரப் பட்டியல் தொங்கியது. முதலிடம் யானை. இரண்டாமிடம் புலி. மூன்றாமிடம் பன்றி.

வராகசாமி மூச்சிரைக்க ஓடினார். மூன்றாமிடத்துக்காரர் என்பதால் டோக்கன் இல்லாமலே உள்ளே விட்டார்கள்.

"தலைவரே, நீங்க சொன்னபடிதானுங்க தோத்தோம்!"

"அருமையான தோல்வி சார். குழுவே பாராட்டுச்சு. ஆனா புலிகிட்ட ரெண்டு தரமான தோல்வி இருக்கு. உங்ககிட்ட ஒண்ணுதானே? நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல?"

வராகசாமிக்கு வந்த கோபத்தில் அந்த மரத்தை வேரோடு பெயர்த்திருப்பார். முன்னங்காலால் மண்ணைக்கூடக் கிளறிவிட்டார். அப்போது தேவாங்கு இன்னொரு கண்ணையும் திறந்தது.

"உங்களை மாதிரி விஷயம் புரிஞ்சவங்க வெளியில இருக்கக் கூடாது சார். குழுவில ஒரு இடம் காலியா இருக்கு. உறுப்பினருக்கு ஆத்தங்கரையில தனிச் சேத்துப் பள்ளம் உண்டு."

கிளறிய கால் நின்றது. "எங்க கூட்டமுங்க?"

"பள்ளம் உறுப்பினருக்கு மட்டும்தான் சார். கூட்டம் ஆடட்டும். ஜெயிச்சு வரட்டும்."

சீ, போ என்று சொல்லிவிட்டு வந்தார் என்றா நினைக்கிறீர்கள்? பாதி நாள் யோசித்தார். உள்ளே இருந்து கூட்டத்துக்காகப் பேசலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உள்ளே போகிற அத்தனை பேரும் சொல்லிக்கொள்வது அதைத்தான். சாயங்காலம் சேற்றில் இறங்கினார்.

கோடை வந்தது. பன்றிக் கூட்டம் சோளக்காட்டுக்கு இறங்கியது. போனவர்களில் சிலர் திரும்பவில்லை. திரும்பியவர்களை வைத்துக்கொண்டு அடுத்த பருவத்தில் செம்பியே பயிற்சியும் கொடுத்தாள், ஆட்டமும் ஆடினாள். இந்த முறை யார் காதில் யார் ஓதினாலும் அவள் கேட்கவில்லை. கரடியை ஜெயித்தாள். யானையை ஜெயித்தாள். தேதி இல்லை என்ற புலியை அதன் வாசலிலேயே போய் நின்று ஆடவைத்து ஜெயித்தாள். காடே வாயைப் பிளந்தது.

கடைசிப் பட்டியல் தொங்குவதற்கு முன்னால் அவள் ஆற்றங்கரைக்கு வந்தாள். வராகசாமி மார்பளவு சேற்றில் கண் மூடிக் கிடந்தார். நன்றாகச் சதை போட்டிருந்தது.

"பெரியப்பா, எல்லாரையும் ஜெயிச்சுட்டோம். இனி இந்தக் கூட்டணியில ஜெயிக்க ஆளே இல்லீங்க."

"கேள்விப்பட்டேன் அம்மிணி. ரொம்பச் சந்தோஷம்."

"இந்தக் கோடையாவது இங்க வருவமுங்களா? எங்க சின்னத்தம்பி போன தடவை சோளக்காட்டுல இருந்து வரலை. மிச்சமிருக்கிற குட்டிகளையாவது காப்பாத்தோணும்."

"அதுல ஒரு சிக்கல் இருக்குது அம்மிணி. ஜெயிக்க ஆளே இல்லைன்னு நீயே சொல்றே. அப்படின்னா இது மொத்தமும் பலவீனமான கூட்டணின்னு ஆகுது. பலவீனமான கூட்டணியில இருந்து யாரையும் எடுக்க வேண்டாம்னு குழுவில முடிவாயிருச்சு. பக்கத்துக் காட்டுல இருந்து ரெண்டு அணியைக் கூப்பிட்டிருக்கிறோம். ஆத்தங்கரை இந்த வருஷம் அவங்களுக்கு."

"முடிவு பண்ணினப்ப நீங்க அங்க இருந்தீங்களா?"

"நான்தான் முன்மொழிஞ்சேன். வேற யாராவது சொல்லியிருந்தா நம்ம சாதிக்கு மரியாதையா இருந்திருக்காது." பிறகு குரலைத் தாழ்த்தி, "சின்னத்தம்பி விஷயம் மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்குது. குழு சார்பா ஒரு இரங்கல் தீர்மானம் போடச் சொல்றேன்" என்றார்.

செம்பி திட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

"உங்க முதுகுல ஒரு பக்கம் சேறு காஞ்சு போச்சுங்க பெரியப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, குட்டிகளைக் கூட்டிக்கொண்டு சோளக்காட்டுப் பக்கம் நடந்தாள்.

வராகசாமி திரும்பிப் பார்த்தார். ஆமாம், காய்ந்துதான் போயிருந்தது. மறுபக்கம் புரண்டு படுத்தார்.

நீதி: ஜெயித்தாலும் சேறு கிடைக்காது, தோற்றாலும் சேறு கிடைக்காது, ஜெயித்தது யார் என்று சொல்லும் வேலையில் சேர்ந்துகொள், மார்பளவு கிடைக்கும்.