நூத்தம்பதும் காணாமல் போன குருவும்

சின்னமனூரில் எந்தக் கண் டாக்டரைவிடவும் அதிகம் பேருக்குப் பார்வை கொடுத்தவர் நூத்தம்பதுதான். அதுவும் ஒருவருடைய கண்ணைக்கூட நிமிர்ந்து பார்க்காமல். அவர் பார்த்ததெல்லாம் லேப்டாப்பின் கண்ணை.

நான் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் அச்சகத்துக்கு நேர் மேலே, மாடியில் அவருடைய கடை. 'எழுத்து சின்னதாகத் தெரிகிறதா? மாடிக்கு வரவும்' என்று போர்டு வைத்திருந்தார். அந்த வாசகத்தை அவ்வளவு பெரிதாக எழுதியதில் கடையின் பெயருக்கும் அவர் பெயருக்கும் இடமில்லாமல் போயிற்று. அதனால் ஊரே அவருக்குப் பெயர் வைத்தது. யார் எந்த லேப்டாப்பைக் கொண்டுபோனாலும் செட்டிங்ஸைத் திறந்து, டிஸ்ப்ளேவுக்குப் போய், எழுத்தின் அளவைச் சதவீதத்தில் காட்டும் ஸ்கேல் என்ற இடத்தில் "நூத்தம்பது" என்று ஏலம் விடுகிற குரலில் சொல்லிவிட்டு ஒரு தட்டுத் தட்டுவார். எறும்பாக இருந்த எழுத்தெல்லாம் எருமையாக எழுந்து நிற்கும்.

எனக்கு அவர் அறிமுகமானது ஒரு வசவோடு. எங்கள் முதலாளி புது லேப்டாப் வாங்கியிருந்தார். அதன் திரையில் புள்ளிகள் அவ்வளவு நெருக்கம். படத்தில் ஒருவருடைய மீசை முடியைக்கூடத் தனித்தனியாக எண்ணலாம். ஆனால் நாங்கள் பத்திரிகை அடிக்கும் சாஃப்ட்வேரோ பழையது. அதன் எழுத்தெல்லாம் கடுகாகிவிட்டது. முதல் நாளே மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மண்டபத்தின் பெயரை அடித்துவிட்டேன். முதலாளி லேப்டாப்பைத் தேனிக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு கடையில் ரெசல்யூஷனை, அதாவது புள்ளிகளின் எண்ணிக்கையை, குறைத்துக் கொடுத்து அனுப்பினார்கள். எழுத்து பெரிதானது, மழையில் நனைந்த செய்தித்தாள் மாதிரி.

நூத்தம்பது மாடியிலிருந்து டீ குடிக்க இறங்கியவர், கண்ணாடிக் கதவு வழியாக என் திரையைப் பார்த்துவிட்டு உள்ளே பாய்ந்தார்.

"ஏலே, எவன்டா இந்தப் பாவத்தைப் பண்ணினது?"

"தேனியில ஒரு கடையிலண்ணே."

"கோடிக்கணக்குல புள்ளியக் கையில குடுத்திருக்காக. முக்கால்வாசியக் கொன்டு போட்டிருக்கானேய்யா! எழுத்து சின்னதுன்னா எழுத்தப் பெருசாக்கணும். கண்ணாடியவா ஒடைக்கிறது?"

உண்மையிலேயே அவர் கண் கலங்கியிருந்தது. ரெசல்யூஷனைப் பழையபடி ஏற்றினார். பையிலிருந்து தையல்காரர் டேப்பை எடுத்து, என் மூக்குக்கும் திரைக்கும் நடுவில் பிடித்து அளந்தார். வழக்கம்போல் நூத்தம்பது வைத்தார். எல்லாம் பெரிதானது, எங்கள் பழைய சாஃப்ட்வேரைத் தவிர. அவர் அசரவில்லை. அதன் ஐகானில் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் உள்ளே நுழைந்தார்.

"இது பழைய ஆளு தம்பி. புது ஸ்கிரீனப் பாத்ததும் 'என் அளவ நானே பாத்துக்கிருவேன்'னு வீராப்புப் பேசுது. 'நீ சும்மா இரு, சிஸ்டம் பாத்துக்கிரும்'னு காதுல ஒரு வார்த்த போட்டு வைக்கணும்."

ஒரு பெட்டியில் டிக் அடித்தார். காதில் போட்ட வார்த்தை அவ்வளவுதான். "இப்ப லாக் அவுட் பண்ணி, திரும்ப உள்ள வரணும்" என்றார். பண்ணினேன். "நீயும்" என்றார்.

"நானுமா?"

"ஆமா. வெளிய போயி, ஒரு நிமிசம் நின்டுட்டு உள்ள வா. மெசினு மட்டும் புதுசா வந்தாப் போதுமா? கண்ணும் புதுசா வர வேணாமா?"

வெளியே போய்த் தெருவில் நின்றுவிட்டு வந்தேன். எழுத்து பளிச்சென்று தெரிந்தது. இந்தச் சடங்கிலிருந்து யாரும் தப்பியதில்லை. கல்லூரி முதல்வர் ஒருவர் மாடிப்படியில் கைகட்டி நின்றதை நானே பார்த்திருக்கிறேன். உள்ளேயிருந்து, "வரலாம்!" என்று குரல் வந்த பிறகுதான் அவர் ஏறினார்.

வேறு எந்த ரிப்பேரையும் நூத்தம்பது தொட மாட்டார். ஒரு அம்மா பேட்டரி நிற்கவில்லை என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தார். "ஆத்தா, அது ஒடம்பு வியாதி. நான் பார்வ மட்டுந்தான்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். கடைக்கு வெளியேயும் அவருக்கு உலகம் சதவீதத்தில்தான் ஓடியது. சலூனில் உட்கார்ந்தால், "மேல எழுபத்தஞ்சு, சைடுல அம்பது." பரோட்டாக் கடையில், "சால்னா எரநூறுல ஊத்துங்க." பஸ்ஸில் ஒருவர் போனில் கத்திக்கொண்டு வந்தபோது, முன்சீட்டிலிருந்து திரும்பி, "அண்ணே, நூத்திருவத்தஞ்சே போதும். மேகமலை வரைக்கும் கேக்குது" என்றார். அந்த மனிதர் என்ன புரிந்துகொண்டாரோ, போனையே அணைத்துவிட்டார்.

இப்படி ஒருவரை வேடிக்கை பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள்.

பெண் மார்க்கையன்கோட்டை. பெயர் மல்லிகா. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. பெண் பார்க்கப் போன அன்று காபி டம்ளரை என் கையில் கொடுக்கும்போது, "ஒங்களுக்கு ரத்தம் கொஞ்சம் கம்மியா இருக்கும்போலயே" என்று மெதுவாகச் சொன்னாள். அந்த இடத்திலேயே, இருந்த கொஞ்ச ரத்தமும் என் முகத்துக்கு ஏறிவிட்டது. இவள்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அவளிடமிருந்து போன். "ஜோசியர் வேணாம்னுட்டாரு. ஒங்களுக்கு ஏழாம் எடத்துல செவ்வாய் தனியா நிக்கிதாம். கடுமையான தோசமாம். அப்பா அவரு பேச்சத் தாண்ட மாட்டாக." குரல் உடைந்திருந்தது.

போனை வைத்துவிட்டு, ஏனென்று தெரியாமல் மாடியேறினேன். நூத்தம்பதுவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று பார்த்தால், மனிதர் கேட்ட முதல் கேள்வி:

"ஜோசியர் ஜாதகத்தக் கையில எழுதுறாரா, கம்ப்யூட்டர்ல பாக்குறாரா?"

"பிறந்த நேரத்தக் குடுத்தோம். லேப்டாப்புலதான் பாத்தாராம்."

"லேப்டாப்பு புதுசா?"

"அது எனக்கு எப்படிண்ணே தெரியும்? நான் என் வாழ்க்கையே போச்சுன்னு சொல்லிக்கிட்டிருக்கேன்."

"அதத்தான் நானும் கேக்குறேன். லேப்டாப்பு புதுசா?"

மல்லிகாவுக்கே போன் போட்டுக் கேட்டேன். புதிதுதானாம். ஜோசியரின் மருமகன் வாங்கிக் கொடுத்து நாலே நாள்தான் ஆகிறதாம். நூத்தம்பது கடையைப் பூட்டிவிட்டு மொபெட்டை உதைத்தார். பின்னால் நான். மார்க்கையன்கோட்டை போய்ச் சேரும்வரை அவர் என் கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பதினாலு இஞ்சா இருக்கும். எரநூத்தம்பதுல வச்சிருப்பான்" என்று தனக்குத் தானே முனகிக்கொண்டே வந்தார்.

ஜோசியர் வீட்டுக் கூடத்தில் மல்லிகாவின் அப்பாவும் இருந்தார். வேறு வரன் பார்க்க வந்திருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் சுருங்கியது. நூத்தம்பது யாரையும் கவனிக்காமல் நேராகப் போய் லேப்டாப் முன்னால் சம்மணம் போட்டார்.

"யாருய்யா நீரு? ஜாதகம் பாக்கணுமா?" என்றார் ஜோசியர்.

"ஜாதகம் பாக்க வரலைங்க. ஸ்கிரீன் பாக்க வந்தேன். இந்தத் தம்பி கட்டத்தக் கொஞ்சம் தெறங்க."

அவர் குரலில் என்ன இருந்ததோ, ஜோசியர் திறந்துவிட்டார். பன்னிரண்டு கட்டங்கள். உள்ளே எழுத்துகள் தடித்தடியாக, கட்டத்தின் விளிம்பை முட்டிக்கொண்டு நின்றன.

"ஐயா, கிரகம் மொத்தம் எத்தன?"

"எங்கிட்டயே கேக்குறீரா? ஒம்பது!"

"இதுல எண்ணுங்க."

ஜோசியர் விரலை வைத்து எண்ணினார். ஏழில் நின்றது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினார். ஏழு. மல்லிகாவின் அப்பா எழுந்து வந்து தன் பங்குக்கு எண்ணினார். அவருக்கும் ஏழுதான்.

"ரெண்டு கிரகம் எங்கன போச்சு?" என்றார் அவர், வீட்டில் திருட்டுப் போன மாதிரி.

"எங்கயும் போகலைங்க. எழுத்து மட்டும் வளந்திருச்சு, கட்டம் வளரல. ஒரு கட்டத்துல ரெண்டு பேரு இருந்தா முன்னால நிக்கிறவரு மட்டுந்தான் தெரியிறாரு. பின்னால நிக்கிறவர மறைச்சுப்புடுது."

வலது கிளிக். பிராப்பர்ட்டீஸ். டிக். காதில் ஒரு வார்த்தை. பிறகு லாக் அவுட். "எல்லாரும் வெளிய வாங்க" என்றார். ஜோசியர், பெண்ணின் அப்பா, நான் மூவரும் வாசலில் வரிசையாக வெயிலில் நின்றோம். ஒரு நிமிடம் ஒரு யுகமாகப் போனது. "வரலாம்!"

கட்டம் இப்போது அகலமாக இருந்தது. சூரியனுக்குப் பக்கத்தில் புதன் வந்து உட்கார்ந்திருந்தார். ஏழாம் இடத்தில், செவ்வாய்க்குத் தோளோடு தோளாக, குரு.

ஜோசியர் அப்படியே திரையைக் கும்பிட்டார். "குரு கூட நிக்கிறாருய்யா! தோசமே இல்ல. அருமையான ஜாதகம்!"

"ஒம்பதுல ரெண்டு கொறஞ்சது ஒங்களுக்குத் தெரியலையா?" என்றார் மல்லிகாவின் அப்பா.

"தோசம் எங்கன இருக்குன்னுதான் மொதல்ல பாப்போம். நல்ல கிரகத்த யாரு எண்ணிக்கிட்டு இருக்காக?" என்ற ஜோசியரின் முகம் திடீரென்று வெளுத்தது. "ஐயையோ, முந்தாநாத்து ஒருத்தருக்குச் சனியே இல்லாத ஜாதகம்னு சொல்லி அனுப்பியிருக்கேனே!" செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கி ஓடினார்.

மல்லிகாவின் அப்பா என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். "சாப்பிட்டீகளா, மாப்ள?" என்றார். கடைசி வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கால் தரையில் இல்லை. நூத்தம்பதுவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் லேப்டாப்பை மூடி, மேல் துண்டால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கல்யாணத்தன்று அவர் முதல் ஆளாக வந்தார். மண்டபத்தில் எங்கள் முகத்தைக் காட்டப் பெரிய எல்.இ.டி. திரை வைத்திருந்தார்கள். அதில் என் முகம் பூசணிக்காய் மாதிரி அகலமாக இழுபட்டுத் தெரிந்ததாம். தாலி கட்டும் நேரம் முழுவதும் அவர் திரைக்குப் பின்னால் நுழைந்து அதைச் சரிசெய்துகொண்டிருந்தார். சாப்பிட்டாரா என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. ஆல்பத்தைப் புரட்டினால் அவர் முகம் ஒரு படத்திலும் இல்லை. ஒரே ஒரு படத்தில், திரையின் ஓரத்தில், குனிந்த முதுகு மட்டும் தெரிகிறது.

அந்தப் படத்தைத்தான் மல்லிகா பெரிதாக்கி எங்கள் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் அந்த முதுகைக் காட்டி, "இது யாரு?" என்று கேட்பார்கள். கூடப் பிறந்தவர் யாருமில்லாத அவள், கொஞ்சமும் யோசிக்காமல் சொல்வாள்: "எங்க அண்ணன்."