டூம் அண்ணன் பெண் கேட்கப் போன கதை

மின்சாரம் இல்லாத நேரத்திலும் சுவர் அதிரச் சத்தம் போடத் தெரிந்த ஒரே மனிதர் யாங்கோனில் டூம் அண்ணன்தான். மற்றவர்கள் வீட்டில் பாட்டரி வாங்கினால் விளக்குக்கும் காற்றாடிக்கும் மாட்டுவார்கள். இவர் ஒரு லாரி பாட்டரியைத் தோளில் சுமந்து நான்காம் மாடிக்கு ஏற்றி, நேரே ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்தார். தெரு முழுக்க இருட்டில் விசிறிக்கொண்டிருக்கும்போது மேலே இருந்து பூகம்பம் வரும். முதல் தடவை நான் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு படியில் பாதி இறங்கிவிட்டேன். கட்டடம் விழவில்லை, பாட்டுதான் என்று கீழ்வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

போட்டாதாங் பேட்டையில் கப்பல் சரக்கு இறக்கும் ஜெட்டிக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் கட்டடம். மூன்றாம் மாடியில் நான், என் தலைக்கு மேல் அவர். மிக்ஸி ஓடினாலே படபடப்பு வருகிற மனிதன் நான். அப்படிப்பட்டவன் மேலேதான் ஆண்டவன் ஹெவி மெட்டல் சங்கீதத்தைக் குடிவைத்தான்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் தெருவில் யாருக்கும் ஞாபகமில்லை. அந்தச் சங்கீதத்தில் 'டூம்' என்று ஒரு கிளை உண்டாம். ஆமை நடையில் போகும், ஆனால் யானை மிதித்த மாதிரி இருக்கும். அவருக்கு உயிர் அது. ஜெட்டியில் கிரேன் ஓட்டுகிற ஆள், நடப்பதும் பேசுவதும் சாப்பிடுவதும் கிரேன் வேகத்தில்தான். என்னைவிட வயதில் சின்னவர் என்றாலும் தெருவே 'டூம் அண்ணன்' என்றதால் என் வாயிலும் அதுவே நின்றுவிட்டது.

யாங்கோன் மாடி வீடுகளில் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தொங்கும். பேப்பர்காரன் கீழே பேப்பரைக் கயிற்றில் மாட்டி இழுத்தால் மேலே சின்ன மணி கிணுகிணுக்கும், நாம் கயிற்றைத் தூக்கிக்கொள்ளலாம். டூம் அண்ணன் மணியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு வெண்கலத் தட்டைக் கட்டினார், டிரம்ஸ்காரர்கள் ஓங்கி அடிப்பார்களே, அது. மறுநாள் காலை பேப்பர்காரன் இழுத்த இழுப்பில் எதிர்வீட்டுப் புறா அத்தனையும் பறந்தது. வீட்டுச் சொந்தக்காரி டோ எயி கீழ்த்தளத்திலிருந்து "அமலே!" என்று அலறினாள். அமலே என்றால் ஐயோ. டூம் அண்ணன் குடியிருந்த காலத்தில் எங்கள் தெருவில் அதிகம் புழங்கிய சொல் அதுதான்.

பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மேலே ஏறிப் போனேன். கதவைத் திறந்தார். இடுப்பு வரை கூந்தல், கறுப்புச் சட்டை, கட்டம் போட்ட லுங்கி. முகத்தில் பால் வடிகிறது.

"தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சா என்ன?"

"குறைச்சா அது டூம் இல்லண்ணே, தாலாட்டு."

அதற்குள் கீழே இருந்து என் மனைவி என்னைக் கூப்பிட்டாள். கூப்பிட்டாள் என்றால், நான் மறந்த வேலைகள் அத்தனையையும் ஒரே மூச்சில் வரிசையாகச் சொன்னாள். டூம் அண்ணன் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக் கேட்டார்.

"அண்ணி த்ராஷ். நல்ல த்ராஷ். என்ன வேகம், ஒரு சொல் வீணில்லை பாருங்க."

"அப்படின்னா?"

"அதுவும் மெட்டல்ல ஒரு வகைண்ணே. டோ எயி பவர் மெட்டல். அவங்க வாயைத் தொறந்தா குதிரை, வாளு, கொடி எல்லாம் வரும்."

கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். "நான்?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க கிளாம். முடிக்கு மை, முகத்துக்குப் பவுடர். உள்ளே சரக்குக் கம்மி."

நான் அப்படியே இறங்கி வந்தேன். மனைவியிடம் புகார் சொன்னால், "வேகம், சொல் வீணில்லைன்னானா? பரவாயில்லையே, விவரமான பையன்தான்" என்றாள். ஆனாலும் பாட்டு தொடங்கினால் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பதை அவள் நிறுத்தவில்லை. அவர் அதையும் தாளமாக எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

சரி, வீட்டோடு போயிற்று என்று பார்த்தால் கோயிலிலும் அதே கதை. இன்சீனில் அம்மன் திருவிழா. நகரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் குடும்பத்தோடு போனோம், டூம் அண்ணனும் கூட வந்தார். பக்திதான் என்று நம்பினேன். அங்கே உறுமி மேளம் தொடங்கியதும் மனிதர் முகம் மாறிவிட்டது. "அண்ணே, இதாண்ணே அசல் டூம்!" என்றவர், கொண்டையை அவிழ்த்தார், கண்ணை மூடினார், தலையைச் சுழற்ற ஆரம்பித்தார். மெட்டல் கச்சேரிகளில் அப்படித்தான் ஆடுவார்களாம். இன்சீன் பெண்களுக்கு அது எப்படித் தெரியும்? இடுப்பு வரை கூந்தல் சுழல்கிறது, கண் செருகியிருக்கிறது, என்ன நினைப்பார்கள்?

சாமி வந்துவிட்டது என்று நினைத்தார்கள். ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் தலையில் விழுந்தது. கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். ஓர் அம்மாள் காலில் விழுந்து, "ஆத்தா, என் மவனுக்கு எப்ப வேலை கெடைக்கும்?" என்று கதறினாள். அந்த நேரம் பார்த்து உறுமிக்காரர் வேகத்தைக் கூட்டினார். டூம் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. கண்ணைத் திறக்காமலே, "மெதுவா! மெதுவா!" என்று உறுமினார். அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்தாள். அடுத்த வருடம் அவள் மகனுக்கு வேலை கிடைத்தது என்றும், நேர்ந்துகொண்ட சேவலோடு அந்தச் சாமியாடியை இன்னும் தேடுகிறாள் என்றும் கேள்வி. சம்பந்தப்பட்டவருக்கோ ஒன்றும் தெரியாது. "திடீர்னு மழைண்ணே, சட்டை நனைஞ்சிருச்சு" என்று ரயிலில் பிழிந்துகொண்டு வந்தார்.

இப்படிப்பட்ட ஆள் ஒரு நாள் கதவைத் தட்டி, "அண்ணே, எனக்குப் பொண்ணு கேட்டு வரணும்" என்றபோது என் கையிலிருந்த தேநீர் லுங்கியில் கொட்டியது.

பெண் மா சந்தா. பாகோ ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், தன்லியினில் வீடு, நகரத்தில் ஒரு தையல் ஆலையில் வேலை. இவருக்குச் சில நாள் அந்தக் கரையில் கிரேன் வேலை, பஸ்ஸில் பழக்கம். பாட்டுக் கேட்க அவர் காதில் மாட்டியிருந்ததை ஒருநாள் அவள் கேட்டு வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டிருக்கிறாள். பாலம் தாண்டியும் கழற்றவில்லை. கடைசியில், "முடிஞ்சிடுச்சா?" என்று மட்டும் கேட்டாளாம்.

"முழுப் பாட்டையும் கேட்டாண்ணே. இத்தனை வருஷத்துல ஒருத்தரும் முழுசாக் கேட்டதில்லை. இவ இல்லேன்னா எனக்கு வேற யாரும் வேணாம்."

அவருக்குப் பெற்றோர் இல்லை. அண்ணன் தம்பிகள் மலேசியாவுக்குப் போய்விட்டார்கள். பெண் வீட்டில் பேச ஒரு பெரியவர் வேண்டும், அது நான். மறுக்க மனம் வரவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: வெள்ளைச் சட்டை, மேலே பர்மாக் கோட்டு, கூந்தல் கொண்டைக்குள்.

கோட்டும் கொண்டையுமாக லட்சணமாகத்தான் வந்தார். கழுத்து வரை பொத்தான் போட்டிருந்ததால் உள்ளே என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை.

மா சந்தாவின் அப்பா ஊ சோமு. தகப்பன் வழியில் தமிழர், தாய் வழியில் பர்மாக்காரர். மனைவி இல்லை. இரண்டு மகன்களும் தாய்லாந்தில். தமிழில் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் பர்மா பாஷைக்கு மாறிவிடுவார் என்று மா சந்தா முன்பே எச்சரித்திருந்தாள். வரவேற்றார், பாயில் உட்காரவைத்தார். கரண்ட் இல்லை. வேர்த்துக் கொட்டியது. "கோட்டைக் கழட்டிட்டு வசதியா உக்காருங்க தம்பி" என்றார்.

கழற்றினார். வெள்ளைச் சட்டை இல்லை. மழையில் காயவில்லையாம். கறுப்புச் சட்டை. நெஞ்சில் முள்ளும் வேரும் பின்னிக்கொண்ட மாதிரி வெள்ளையில் ஏதோ எழுத்து, சுற்றி ஒரு வட்டம், மேலே பிறை நிலா.

நம்மூரில் 'இங்' என்று ஒன்று உண்டு, தமிழில் எந்திரத் தகடு என்போமே அதுதான். புரியாத எழுத்துகளைக் கட்டத்துக்குள்ளும் வட்டத்துக்குள்ளும் மாட்டி மந்திரம் தெரிந்த சயாமார், அதாவது குருமார், எழுதிக் கொடுப்பார்கள். பேய் பிசாசு கிட்டே வராது. ஊ சோமு அந்தச் சட்டையைப் பார்த்தார். மெல்ல எழுந்தார். கையைக் கூப்பினார்.

"சயா! எவ்வளவு பெரிய இங்! தெரியாமப் பாயில உக்கார வெச்சிட்டேனே!"

நாற்காலி வந்தது. மகன்கள் போனதிலிருந்து வீடு சரியில்லை, பின்னறையில் சத்தம் கேட்கிறது, தூக்கமில்லை, எத்தனையோ பேரிடம் இங் வாங்கி மாட்டியாயிற்று, ஒன்றும் பலிக்கவில்லை என்று கொட்டித் தீர்த்தார். "சயா என் வீட்டுக்கு மருமவனா வரணும்னா நான் புண்ணியம் செஞ்சிருக்கணும். எந்த நாளுன்னாலும் சரி."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது! வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், கல்யாணம் முடிந்தது. நான் டூம் அண்ணன் தொடையைக் கிள்ளினேன்.

அவர் தொடையைத் தடவிக்கொண்டே நிதானமாகச் சொன்னார். "ஐயா, இது இங் இல்லை. நார்வேகாரப் பாண்டு ஒண்ணோட பேரு. பிளாக் மெட்டல்."

"பேரா? படிக்கவே முடியலையே!"

"படிக்க முடியக்கூடாது. அதான் அழகு."

ஊ சோமு பர்மாவுக்கு மாறினார். என் காது அடைத்துவிட்டது. அந்தக் கணத்தில் டூம் அண்ணனை ஆற்றில் தள்ளிவிட்டு நானும் குதிக்கலாமா என்று தோன்றியது. எல்லாம் சொல்லி முடித்து, மூச்சு வாங்க, மறுபடி தமிழுக்கு வந்து ஒரு கேள்வி கேட்டார்: "நீ யாரு? உன் குடும்பம் என்ன?"

குடும்பம் என்றதும் எந்த மாப்பிள்ளையும் அப்பா பெயரைச் சொல்வான். இவர் ஹெவி மெட்டலின் வம்சத்தைச் சொன்னார்.

"ஐயா, கொள்ளுத் தாத்தா புளூஸ். அமெரிக்கால பருத்திக்காட்டுல கஷ்டப்பட்ட சனங்களோட பாட்டு. தாத்தா பொறந்தது இங்கிலாந்துல, இரும்பு ஆலை ஊருல. ராவும் பகலும் சம்மட்டிச் சத்தம் கேட்டு வளர்ந்த நாலு பசங்க கிட்டார எடுத்து, தந்தியத் தளர்த்தி, மெதுவா, பாரமா வாசிச்சாங்க. அதாங்க ஆரம்பம். அப்புறம் வாரிசுங்க. பங்க்னு இன்னொரு அவசரக்காரச் சங்கீதம், ஒருத்தன் அந்த வீட்டுப் பொண்ணு சகவாசத்துல வேகம் பழகி அமெரிக்கா போயிட்டான், அவன் த்ராஷ். அவன் மவன் டெத், ஃப்ளோரிடாவுல இருக்கான், தொண்டைக் கட்டு, என்ன பாடுறான்னு பெத்தவனுக்கே புரியாது. கிளாம், மேக்கப் போட்டுக்கிட்டு லாஸ் ஏஞ்சலஸ்ல தங்கிட்டான். பவர், ஜெர்மனியில குதிரை ஏறிட்டான். பிளாக் எல்லாரோடவும் சண்டை போட்டுட்டு, நார்வே காட்டுக்குள்ள போயி, மூஞ்சியில வெள்ளை பூசிக்கிட்டான்."

"தனக்காவா?" என்றார் ஊ சோமு, தன்னையறியாமல். நம் பெண்கள் கன்னத்தில் பூசுகிற சந்தனம் போன்ற அரைப்பு அது.

"இல்லீங்க. பொணம் மாதிரி தெரியணும்னு பூசுறது."

"அமலே!"

ஊ சோமு சுவரில் இருந்த மகன்களின் படத்தைப் பார்த்தார். பிறகு, கேட்கலாமா கூடாதா என்ற தயக்கத்தோடு, "அப்போ அந்தக் கெழவனோட யாருமே இல்லையா?" என்றார்.

"இருக்கான் ஐயா. டூம். அவன் மட்டும் எங்கேயும் போகலை. இன்னிக்கும் தாத்தா நடந்த அதே நடைதான். அவரைத் தாண்டி ஒரு எட்டு வைக்க மாட்டான்."

"நீ?"

"நான் டூம் ஐயா. மலேசியாவுக்கு அண்ணனுங்க கூப்பிட்டாங்க. போகலை. போகவும் மாட்டேன்."

திரைக்குப் பின்னாலிருந்து மா சந்தா தேநீரோடு வந்தாள். தட்டை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்து, "பாட்டு ரொம்ப நீளம் அப்பா. ஆளு நல்லவரு" என்றாள்.

ஊ சோமுவின் கண்ணில் தண்ணீர் நின்றது. என் கண்ணிலும்தான், ஏன் மறைக்க வேண்டும்? அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெரிய மனிதத் தோரணைக்கு வந்தார்.

"கல்யாணத்துக்கு அப்புறம் இங்கேயே, என்னோடதான் இருக்கணும்."

"சரிங்க ஐயா."

"அந்தச் சட்டையைக் கழட்டி வாசல்ல மாட்டு."

டூம் அண்ணன் முதல் முறையாகத் திகைத்தார். "ஐயா, இது இங் இல்லைன்னு சொன்னேனே."

"உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பேய்க்குத் தெரியுமா?"

போட்டாதாங்குக்குத் திரும்பும் பஸ்ஸில் மாப்பிள்ளை வெற்றுடம்பில் கோட்டைப் பூட்டிக்கொண்டு வந்தார். வாழ்க்கையில் நான் பார்த்த மிக அவலட்சணமான மாப்பிள்ளைக் கோலம் அது. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கல்யாணம் முடிந்து லாரி பாட்டரி தன்லியினுக்குப் போய்விட்டது. மேல்வீட்டில் இப்போது ஒரு குடும்பம் இருக்கிறது, செருப்புச் சத்தம்கூடக் கிடையாது. ஊ சோமு நன்றாகத் தூங்குகிறாராம். பேய் போனதற்குச் சட்டை காரணமா சங்கீதம் காரணமா என்று மாமனாருக்கும் மருமகனுக்கும் தினமும் வாக்குவாதமாம்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் தன்லியினில் மீன் மலிவு என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறுகிறேன். அங்கே போய் உட்கார்ந்து காது வலிக்க வலிக்க முழுப் பாட்டும் கேட்டுவிட்டு, வெறும் பையோடு திரும்பி வருகிறேன். மீன் எங்கே என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. போன வாரம் பையை நீட்டினாள், கனத்தது. உள்ளே டிபன் கேரியரில் கருவாட்டுக் குழம்பு.

"மீன்காரருக்குக் கொடுங்க, இளைச்சிருப்பாரு" என்றாள்.