ராணி சுட்ட புலி

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. உங்கள் முழங்கால் வலியும் அத்தானின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நெஞ்சின் மேல் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பயப்பட வேண்டாம், இது இதய வலி இல்லை, புலி வலி. போனில் சொல்லலாம் என்றால், நான் போனை எடுத்தாலே இந்த வீட்டில் உங்கள் தம்பி மனைவிக்குக் காது நீண்டுவிடுகிறது.

நடந்தது இதுதான். நான் ஓய்வு பெற்றுப் பகலெல்லாம் வீட்டிலேயே இருப்பதைப் பார்த்தோ என்னவோ, அவள் ஓவிய வகுப்பில் சேர்ந்துவிட்டாள். பழைய அரண்மனை ஓவியங்களைப் பார்த்து வரையப் பழக்கும் வகுப்பு. மற்றவர்கள் தாமரை, மயில், ஜன்னலோரம் காத்திருக்கும் நாயகி என்று அடக்கமாக எடுத்துக்கொள்ள, இவள் எடுத்தது வேட்டை. காட்டுக்குள் ஒரு மாடம், அதில் ராணி, கையில் நீளமான துப்பாக்கி, சுற்றிலும் தோழிகள், கீழே சாகப்போகிற புலி. "ராஜா எங்க?" என்றேன். "அவரு எதுக்கு? ராணிதான் சுடுறாளே" என்றாள். அன்றைக்குப் பிடித்தது எனக்கு இந்த அரிப்பு. திரைக்குப் பின்னால் இருந்த பெண்களுக்குத் துப்பாக்கி பிடிக்க யார் சொல்லிக்கொடுத்தார்கள்? சுட்டதும் தோள்பட்டை வலிக்காதா? வலித்தால் ராணி "அம்மா" என்று கத்தலாமா, கூடாதா? கேட்டால், "முதல்ல புலியோட கால் வரட்டும், தள்ளுங்க" என்பாள். கால் வரவே இல்லை. கடைசியில் என்னைச் சோபாவில் மல்லாத்தி, "முன்காலைத் தூக்குங்க" என்றாள். "முன்கால் எது?" "கைதாங்க! குண்டு பட்ட மாதிரி நாக்கையும் கொஞ்சம் வெளிய விடுங்க." விட்டேன். கதவு திறந்திருந்ததா, பக்கத்து வீட்டு நர்ஸ் எட்டிப் பார்த்தாளா, கண் சொருகி நாக்குத் தள்ளிக் கிடக்கும் என்னைக் கண்டதும் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து இரண்டு கையாலும் நெஞ்சை அமுக்கத் தொடங்கிவிட்டாள். "நான் புலிம்மா, புலி!" என்று கத்தினேன். "அய்யோ, நினைவு வேற தப்புதே" என்று இன்னும் பலமாக அமுக்கினாள். அந்த நேரத்தில் உங்கள் தம்பி மனைவி என்ன செய்தாள் தெரியுமா? "அப்படியே இருங்க, இப்பதான் முகம் சரியா வந்திருக்கு" என்று வரைந்துகொண்டிருந்தாள்.

இதுவரை நடந்தது அவள் தப்பு. இனி வருவது என்னுடையது. வகுப்பில் எல்லோர் படத்தையும் ஒரு கூடத்தில் மாட்டினார்கள். லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவன் கண்ணில் வேறென்ன படும்? "இத்தனை பேர் நின்னா இந்த மாடம் தாங்காது. புலி பிழைச்சுக்கும், ராணிதான் அது மேல விழுவாங்க" என்றேன். கூடமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. படத்தைக் கழற்றிப் பழைய செய்தித்தாளில் சுற்றி, வீட்டுக்கு வந்து பீரோவுக்குப் பின்னால் செருகிவிட்டாள். தூரிகைகளும் பரணுக்குப் போயின. அதன்பிறகு என்னோடு பேச்சில்லை. "டீ ஆறுது" என்று ஃபிரிட்ஜைப் பார்த்துச் சொல்வாள்.

வீட்டில் இருக்கவும் முடியாமல், அரிப்பும் விடாமல், மூலப்படத்தைப் பார்க்க அருங்காட்சியகத்துக்கே போனேன். அங்கிருந்த அதிகாரி அம்மாவிடம், "இந்த ராணியை நேர்ல பாத்தா வரைஞ்சாங்க?" என்று கேட்டேன். "பெரும்பாலும் பாத்திருக்க மாட்டாங்க சார். அந்தப்புரத்துக்குள்ள ஆண்களை விட மாட்டாங்களே. அதனால எல்லாப் பொண்ணுக்கும் ஒரே அழகான முகம். பெரிசா, நிறைய நகையோட இருந்தா அதுதான் ராணி" என்றார். உற்றுப் பார்த்தேன். உண்மைதான், ராணிக்கும் தோழிகளுக்கும் அதே மீன் கண், அதே மூக்கு. அந்தப் படத்திலேயே தனக்கென்று ஒரு முகம் வைத்திருந்தது புலி மட்டும்தான்.

மனசு என்னவோ போலாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் பீரோவை நகர்த்திப் படத்தைப் பிரித்தேன். அக்கா, அன்று பாரம் கணக்குப் போட்டதில் நான் பார்க்காமல் விட்டதை அப்போதுதான் பார்த்தேன். அவள் படத்தில் ஒருத்தி முகம் இன்னொருத்திக்கு இல்லை. காதைப் பொத்திக்கொண்டிருப்பவள் நர்ஸ். புலியை எட்டிப் பார்ப்பவள் தெருக்கோடித் தையல்காரி. கண்ணாடி போட்டுக்கொண்டு அடுத்த துப்பாக்கிக்கு மருந்து இடிப்பது சாட்சாத் நீங்கள். ராணி அவளேதான், மோவாய் மச்சத்தோடு.

பின்னால் வந்து நின்றாள். "ஏன் சொல்லல?" என்றேன்.

"நீங்கதான் எல்லாரையும் எடை போட்டுட்டு இருந்தீங்களே."

"மாடம் தாங்கும்."

"தெரியும். கல்லுலதான் கட்டியிருக்கேன்."

"ராணிக்குப் பயமா இருந்திருக்காதா?"

படத்தில் ராணியின் முகத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். "இருந்திருக்கும். அது முகத்துல தெரியணும், ஆனா கை நடுங்கக் கூடாது. அதுக்குத்தான் அழிச்சு அழிச்சு வரைஞ்சேன். அதை நீங்களாவது கேட்டீங்களே" என்றாள். ஃபிரிட்ஜைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து.

எல்லாம் சரி. ஆனால் இப்போது படத்தை ஹாலில், வாசலுக்கு நேராக மாட்டப் போகிறாளாம். வருகிறவர்களெல்லாம் புலியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். நாக்கு வேறு அச்சு அசல். பெரியவர் நீங்கள் நேரில் வந்து, இது வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள். உடனே கிளம்பி வரவும்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அடிபட்ட தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதியதை மறந்துவிடவும். படத்தை ஹாலில் நானே ஆணியடித்து மாட்டிவிட்டேன். அடுத்த படம் இன்னும் பெரியது. ராணியும் தோழிகளும் குதிரையேறிக் காட்டுப்பன்றியைத் துரத்துகிறார்கள். குதிரை நான் என்று பேசி முடித்தாயிற்று. பன்றிக்குத்தான் ஆள் இல்லை. அத்தானையும் கட்டாயம் அழைத்து வரவும். வேட்டை என்று மட்டும் சொல்லுங்கள், மற்றதை இங்கே வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்.