தேசியக் கொடியை வீட்டுக்குள் காயப்போட்டவன்

குற்றால சீசனில் மனிதர்கள் இரண்டு வகை. நனைவதற்காக வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஒரு வகை. இங்கேயே குடியிருந்துகொண்டு காய்வதற்காக ஏங்குகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினர் இரண்டு நாள் அருவியில் ஆடிவிட்டு, நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார்கள். இரண்டாவது வகையினர் ஆனி, ஆடி, ஆவணி முழுக்க ஈரப் பனியனோடு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். நான் இரண்டாவது வகை. அதிலும் சும்மா உட்கார்ந்திருப்பவன் அல்ல. வீட்டுக்குள் துணி காயவைப்பதற்கு முறை வகுத்தவன்.

கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது நீதிபதி மறந்ததையும் ஞாபகம் வைத்திருக்க வேண்டிய தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். எந்த மனுவுக்கு எவ்வளவு ஸ்டாம்பு ஒட்ட வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஓய்வுபெற்ற பிறகு யாரும் எழுப்பிக் கேட்கவில்லை. அதனால் துணிகளின் மேல் அதிகாரம் செலுத்த ஆரம்பித்தேன்.

துணியைச் சூடாக்கிக் காயவைக்கும் மெஷின் ஒன்று வாங்கச் சொல்லி மகள் மீனா ஒவ்வொரு வருடமும் நச்சரிப்பாள். அந்த மெஷின் ஓடினால் துணிக்கு முன்னால் என் பென்ஷன் காய்ந்துவிடும். என் முறைக்குச் செலவு கிடையாது. பிழிந்த துணியைக் காய்ந்த துண்டுக்குள் வைத்துப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, முழங்காலை ஊன்றி அழுத்த வேண்டும். பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். சட்டைகள் ஹேங்கரில், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே ஒரு கை போய்வர இடம் விட்டு. ஜீன்ஸ் என்றால் உள்பக்கத்தை வெளியே திருப்பி இடுப்பில் கிளிப் போட வேண்டும். மேற்கு ஜன்னலைச் சாத்திவிட்டுக் கிழக்கு ஜன்னலை ஒரு சாண் திறந்துவைக்க வேண்டும். (எல்லா ஜன்னலையும் மூடிவிட்டு ஃபேன் போடுகிறவர்கள் ஈரத்தை வீட்டுக்குள்ளேயே ஊர்வலம் விடுகிறார்கள்.) டேபிள் ஃபேனைத் தரையில் வைத்து முகத்தை மேலே தூக்கிவிட்டால் முடிந்தது.

இதற்காக ஹாலில் குறுக்கும் நெடுக்குமாக நைலான் கயிறுகள் கட்டியிருந்தேன். அவசர வழக்குகள் ஃபேனுக்கு நேர் எதிரே. மற்றவற்றுக்கு வாய்தா. போர்வைகள் எல்லாம் சிவில் வழக்குகள்; அவை நடந்துகொண்டே இருக்கும். என் மனைவி கோமதி காலையில் காப்பி கொடுக்கும்போதே, "எம் பாவாடைக்கு இன்னைக்காவது தீர்ப்பு உண்டா?" என்று கேட்பாள்.

இந்த ஆணவத்தோடுதான் அந்த ஆகஸ்ட் மாதத்துக்குள் நுழைந்தேன்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருக்கும் எங்கள் தெருவுக்கு ஒரு நலச் சங்கம் உண்டு. வருடா வருடம் சுதந்திர தினத்தன்று கொடியேற்றுவார்கள். கூட்டத்தில் நின்றுகொண்டு அதைத் திருத்துவது என் வழக்கம். சுதந்திர தினத்தில் கொடியைக் கீழேயிருந்து மேலே ஏற்ற வேண்டும். குடியரசு தினத்தில் மேலேயே கட்டிவைத்து அவிழ்க்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாத பழைய தலைவரை, கயிற்றைப் பிடித்த கையோடு நிறுத்தி, மழையில் விளக்கம் சொன்னவன் நான். அடுத்த பொதுக்குழுவில் என்னையே தலைவராக்கிவிட்டார்கள். மரியாதை என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அது பழிவாங்கல்.

ஆக, அது என் முதல் கொடியேற்றம். ஒரு சின்னப் பிசகு நடந்தாலும் தெருவே எனக்கு விளக்கம் சொல்லக் காத்திருந்தது. போதாக்குறைக்குச் சிறப்பு விருந்தினர் என் மைத்துனன் சங்கரபாண்டியன். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்று வீரகேரளம்புதூரில் இருக்கிறான். கொடியில் ஒரு சுருக்கம் இருந்தால்கூட அவன் கண் அங்கேதான் போகும்.

பதின்மூன்றாம் தேதி காலையில் திடீரென்று வெயில் அடித்தது. கோமதிக்கு வெயிலைக் கண்டால் கை சும்மா இருக்காது. சீசனுக்கு வந்திருந்த மகள் குடும்பம் என் வேட்டிகளையெல்லாம் ஐந்தருவிக்குக் கட்டிக்கொண்டு போய் ஊறவைத்திருந்தது. பீரோவில் மீதி இருந்த வெள்ளைச் சட்டைகளில் பூஞ்சை புள்ளி வைத்திருந்தது. அவள் வீட்டில் இருந்த துணி அத்தனையையும் அலசிவிட்டாள். கடைசித் துண்டை உதறும்போது சாரல் திரும்பி வந்தது. அது எப்போதும் அப்படித்தான். நம்மை நம்பவைப்பதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கும். எல்லாம் ஹாலுக்கு வந்து கயிறுகளில் ஏறின.

அன்று சாயங்காலம் சங்கச் செயலாளர் செல்லையா கொடியைக் கொண்டுவந்தார். ஒரு வருடம் பெட்டியில் இருந்ததில் புழுக்க வாடை. ஓரத்தில் கரப்பான்பூச்சிக் கறை. புதிதாக வாங்கிவிடலாம் என்றார் அவர். கடைகளில் தொங்கியதெல்லாம் பாலியஸ்டர். அதற்கும் இப்போது அனுமதி உண்டு என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் ஏற்றும் முதல் கொடி கதராகத்தான் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். புது வாளியில், இளம் சூட்டுத் தண்ணீரில், தரையில் ஒரு நூல் படாமல் அதை நானே துவைத்தேன்.

துவைத்த பிறகுதான் கதர் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று தெரிந்தது.

சங்கரபாண்டியனிடம் போனில் பெருமையாகச் சொன்னேன். குற்றாலத்தில் பத்து நாள் தொடர்ந்து தூறினாலும் வீரகேரளம்புதூரில் வற்றல் காயப்போடலாம். அவன் உடனே வழி சொன்னான்.

"அத்தான், இங்கன வெயிலு பொளக்குது. கொண்டாங்க. மொட்டைமாடில போட்டா காப்பி குடிக்கதுக்குள்ள காஞ்சிரும்."

தேசியக் கொடியை ஈர மூட்டையாகக் கட்டி டவுன் பஸ்ஸில் கொண்டுபோவதா என்று கேட்டேன். என் முறையில் இங்கேயே காயும் என்றேன்.

"உங்க முறையைக் கேட்டா அத்தான் துணி காயும்? அது காத்தையில்லா கேக்கும்" என்றான். போனை வைத்துவிட்டேன்.

இனிமேல்தான் சட்டச் சிக்கல். தேசியக் கொடிக்கு மேலேயோ அதற்கு இணையாகவோ வேறு கொடியோ தோரணமோ இருக்கக் கூடாது. ஹாலிலோ தலைக்கு மேல் முழுக்கத் துணி. துணி கொடியாகுமா, தோரணமாகுமா என்று கோமதி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் வரிசையாகக் கிளிப் போட்டுத் தொங்கும் என் ஜட்டிகள் தோரணம் இல்லை என்று எந்த வக்கீல் வாதாடுவார்? விதியை விரிவாகப் பொருள்கொள்வதுதான் பாதுகாப்பு என்று தீர்மானித்து, அத்தனை துணியையும் இறக்கச் சொன்னேன்.

இறக்கிய துணி எங்கே போகும்? படுக்கையறையில் மகளும் மருமகனும். அங்கே கயிறு கட்டினால் மாப்பிள்ளை முகத்தில் என் வேட்டி விழும். சமையலறையில் குழம்பு வாடை. எனவே துணிகள் 'தற்காலிகமாக' வாளிகளுக்கும் பெரிய அண்டாவுக்கும் திரும்பின. அடுத்து சீலிங் ஃபேன். அது கொடிக்கு மேலே இருந்தது. கழற்ற முடியாது என்பதால் கொடியைத் தள்ளிக் கட்டி, காவி மேலே இருக்கும்படி சரிபார்த்து, டேபிள் ஃபேன் முழுவதையும் அதற்கே ஒதுக்கினேன்.

"நாட்டுக்கு ஒரு ஃபேன் வச்சாச்சு. சரி. வீட்டுக்கு?" என்றாள் கோமதி.

முதலில் நாடு என்றேன். அன்று எனக்கு இருந்த உற்சாகத்தில் அந்த வாக்கியம் எனக்கே புல்லரித்தது.

பதினான்காம் தேதி முழுக்க ஹால் கொடிக்குச் சொந்தம். பல்லி வந்தால் விரட்டினேன். டிவி பார்க்க வந்த மாப்பிள்ளையைக் குனிந்து போகச் சொன்னேன். மத்தியானத்துக்குள் காவி காய்ந்தது, வெள்ளை காய்ந்தது, பச்சையும் காய்ந்தது. கயிறு கோத்திருக்கும் ஓரத்துப் பட்டை மட்டும் பிடிவாதமாக ஈரம் காத்தது. ரெண்டு சட்டையாவது இப்போது போடட்டுமா என்று கோமதி கேட்டாள். பட்டை ஈரம் என்றேன். சாயங்காலம் மறுபடி கேட்டாள். பட்டை ஈரம்.

"அப்ப நாளைக்கு எதைக் கட்டிட்டுப் போவீய?"

அது நிர்வாக விவரம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். (இந்தப் பதிலை அலுவலகத்தில் பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் கஷ்டம் எனக்கு மறுநாள்தான் புரிந்தது.)

பதினைந்தாம் தேதி காலை. கொடி அப்பளம்போல மொறமொறவென்று இருந்தது. பட்டை உட்பட. என் வாழ்க்கையில் தீர்ப்பு நகல்களைக்கூட நான் அவ்வளவு ஆசையாகத் தடவிப் பார்த்ததில்லை. முறைப்படி மடித்து, உள்ளே ரோஜா இதழ் வைத்து, தட்டில் ஏந்தி மேஜைமேல் வைத்தேன். குளித்துவிட்டு, இடுப்பில் சாரத்தோடு (எங்கள் பக்கத்தில் லுங்கிக்கு அதுதான் பெயர்) வந்து, "சட்டை எங்கே?" என்றேன்.

கோமதி அண்டாவைக் காட்டினாள்.

மூடியைத் திறந்ததும் அருவிக்கரையில் யாரோ மறந்துவிட்டுப் போன துண்டின் வாடை அடித்தது. என் வெள்ளைச் சட்டைகள் அடியில் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக் கிடந்தன. ஒன்றை இழுத்துப் பிழிந்து இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன். காற்றுக்கு எங்கோ கிளை விழுந்து கரண்ட் போனது. மருமகனிடம் சட்டை கேட்டேன். பிள்ளை தங்கமானவர், ஆனால் கம்பிபோல இருப்பார். அவரிடம் காய்ந்து இருந்த ஒரே டீ-சர்ட்டில் நுரை பொங்கும் பீர் கோப்பை படம்.

அப்போது பீரோவின் மேல்தட்டில், பிளாஸ்டிக் கவருக்குள் அது கண்ணில் பட்டது. கார்த்திகையில் மாலை போடும்போது கட்டுகிற கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை. சாமித் துணி என்று கோமதி தனியாகக் கற்பூரம் போட்டுக் கட்டிவைத்திருந்தாள். நான் உடுத்தி வெளியே போகிற மாதிரி வீட்டில் காய்ந்திருந்த துணி அது ஒன்றுதான்.

"அதை எடுக்காதீய" என்றாள் கோமதி. "ஈரச் சட்டையையே போட்டுட்டுப் போங்க. அங்கன போயி மழையிலதான நிக்கப் போறீய?"

அதைவிடப் புத்திசாலித்தனமான வாக்கியம் அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் பேசப்படவில்லை. நான் கேட்கவில்லை. பதவியில் இருப்பவன் ஈரத்தோடு கொடிக்கயிற்றைத் தொடக் கூடாது என்றேன். கொடியேற்றுகிறவரின் சட்டை நிறத்தைப் பற்றி விதிகளில் ஒரு வார்த்தை கிடையாது என்றேன். விதியில் இல்லாதது தவறாகாது என்று சொல்லிவிட்டு, தலையிலிருந்து கால்வரை கறுப்பில், கையில் மூவர்ணத் தட்டோடு, தெருவில் நடந்தேன்.

கம்பத்தடியில் கூடியிருந்தவர்கள் எனக்கு வழிவிட்டு விலகினார்கள்.

வெள்ளைவெளேரென்று, வீரகேரளம்புதூர் வெயிலில் காய்ந்த சட்டையில் நின்ற சங்கரபாண்டியன் என்னை மேலும் கீழும் பார்த்தான். வழக்கமாக வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போகும் போலீஸ் தனிப்பிரிவு ஏட்டையா, மஃப்டியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், டம்ளரை அப்படியே வைத்துவிட்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"சார், தப்பா நினைச்சுக்கிடாதீய. மேல சொல்லணும். எதுக்காகக் கறுப்பு?"

"துணி காயலை" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "மாலை போட்டிருக்கீயளோன்னு பாத்தேன். ஆடி மாசத்துல எந்தச் சாமியும் போகாது. நீங்க சட்டம் தெரிஞ்ச ஆளு. காரணம் இல்லாம போடமாட்டீய. சொல்லுங்க, எதுக்கு எதிர்ப்பு?"

வாழ்நாள் முழுக்க ஆதாரம் கேட்டுப் பழகியவன் நான். துணி காயவில்லை என்பதற்கு என்னிடம் அண்டாவைத் தவிர ஆதாரம் இல்லை. அதற்குள் செல்லையா நடுவில் புகுந்தார்.

"என்னத்துக்கா? வாறுகாலுக்குத்தான். மூடி உடைஞ்சு வருசக்கணக்காக் கெடக்கு. எத்தனை மனு எழுதியிருக்காவ அண்ணாச்சி. பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு இன்னைக்குக் கறுப்பு போட்டுட்டாவ."

தெருமுனைச் சாக்கடைக்குத்தான் வாறுகால் என்று பெயர். அதன் மூடிக்காக நான் சரியான படிவத்தில், சரியான மேல்முறையீட்டு வரிசையில், ஒப்புகைச் சீட்டோடு எழுதிய மனுக்கள் எத்தனையோ. ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. செல்லையா சொல்லி முடித்ததும் கூட்டத்தில் ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். நான் மறுத்திருக்கலாம். கைதட்டல் இதமாக இருந்தது. தலையை ஒருமாதிரி ஆட்டிவைத்தேன். அதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

கொடியைக் கட்டி, கீழேயிருந்து மேலே, ஒரு பிசகும் இல்லாமல் ஏற்றினேன். உச்சியில் முடிச்சு அவிழ்ந்தது. ரோஜா இதழ்கள் உதிர்ந்தன. மொறமொறப்பான கதர் ஒரே ஒரு தடவை, அழகாக, படபடவென்று விரிந்தது. அப்புறம் மலைப்பக்கமிருந்து ஒரு சாரல் வந்தது. தேசிய கீதம் முடிவதற்குள் கொடி சொட்டச் சொட்ட நனைந்து கம்பத்தோடு ஒட்டிக்கொண்டது.

சல்யூட் அடித்த கையை இறக்காமலே சங்கரபாண்டியன் என் காதருகே சொன்னான்: "வாளியில இருந்து நேரா எடுத்துட்டு வந்திருந்தாலும் இதேதான் அத்தான்."

நான் மேலே பார்த்தபடியே நின்றேன். அதுதான் முறை.

அந்த வாரத்துக்குள் ஒரு ஜீப் வந்தது. இரண்டு பேர் இறங்கி வாறுகாலை அளந்தார்கள். அடுத்த வாரம் புது மூடி. என் மனுக்கள் சாதிக்காததை ஓர் அண்டா ஈரத் துணி சாதித்துவிட்டது. உண்மை தெரிந்தவர்கள் வீட்டார் மட்டும்தான். சங்கரபாண்டியனும் வீட்டார்தான் என்பதால், தீபாவளிக்குள் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. கல்யாண வீடுகளில் என்னைக் கண்டால், "சட்டை காஞ்சிட்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிட்டாச்சா என்று கேட்கிறார்கள். ஆகஸ்ட் பதினான்காம் தேதி ஏட்டையா தவறாமல் போன் செய்து, "நாளைக்கு என்ன கலரு சார்?" என்று விசாரிக்கிறார். அவருக்கு அது கடமை.

இப்போது கொடிக்கு நாங்களும் பாலியஸ்டருக்கு மாறிவிட்டோம். கயிறுகளில் என் சட்டைக்கு முதல் உரிமை.

போன ஆகஸ்டில் செல்லையா தெருக்காரர்கள் நாலைந்து பேரோடு வந்தார். தெருவிளக்கு எரியாமல் மாதக்கணக்காகிறது, இந்தத் தடவையும் அண்ணாச்சி கறுப்பே போட்டால் நல்லது என்று எல்லோருக்கும் அபிப்பிராயம் என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, அதெல்லாம் முடியாது, என் வெள்ளைச் சட்டை நன்றாகக் காய்ந்து தேய்த்துத் தயாராக இருக்கிறது என்றேன்.

உள்ளேயிருந்து கோமதியின் குரல் வந்தது.

"நீங்க கவலைப்படாமப் போங்க அண்ணாச்சி. நான் அதை நனைச்சு அண்டாவுல போட்டுருதேன்."