வலையில் விழுந்த கருப்புக் கார்

திருவொற்றியூரில் இருப்பவன் கருப்புக் கார் வாங்கக் கூடாது. இதை எனக்கு யாருமே சொல்லவில்லை என்று நான் புளுக முடியாது. மெக்கானிக் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், காரை விற்றவரே சொன்னார் (சாவியைக் கொடுத்த பிறகு). எண்ணூர் பக்கமிருந்து காற்றடித்தால் கரித்தூள் வரும். கடல் பக்கமிருந்து அடித்தால் உப்பு. காற்றே இல்லையென்றால் கன்டெய்னர் லாரிகள் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போகும். வெள்ளைக் காரில் கரி மட்டும்தான் தெரியும். கருப்பில் மற்ற எல்லாமே தெரியும்.

ஆனாலும் வாங்கினேன். எங்கள் குப்பத்தில் கடலுக்குப் போகாமல் ஆபீசுக்குப் போனவன் நான். ஒரு கன்டெய்னர் கம்பெனியில் ஏசி அறையில் உட்கார்ந்து, எந்தப் பெட்டி எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்கிற வேலை. நைனாவுக்கு அது ஒரு வேலையாகவே படவில்லை. நாற்பது வயதுவரை விசைப்படகில் போய் வந்தவருக்கு, நாற்காலியில் உட்கார்ந்து களைத்துப் போகிறவனைப் பார்த்தால் எப்படி இருக்கும்? திட்டவில்லை. பேச்சே எடுக்கவில்லை. பழைய கார்தான் என்றாலும் அந்தக் கருப்புக் காரை வாங்கி வாசலில் நிறுத்தியபோது, அவர் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, பீடி பற்றவைத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்போதுதான் தங்கை கலைக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை தீனா, காசிமேட்டில் சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருப்பவர். எங்கள் பக்கம் மாப்பிள்ளை அழைப்புக்குப் பெண் வீட்டார்தான் கார் கொண்டுபோக வேண்டும். வாடகைக்கு வெள்ளைக் கார் பேசலாமா என்று அம்மா கேட்டபோது நைனா என்னைப் பார்க்காமல், மாப்பிள்ளை என் புள்ள கார்லதான் வருவாரு என்றார். அதோடு விடவில்லை. டீக்கடையில் சொன்னார், ஏலம் விடுகிற இடத்தில் சொன்னார், சங்கத்தில் சொன்னார். அவர் என்னைப் பற்றி வெளியில் வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் காரைக் கண்ணாடி போல ஆக்கிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

இன்டர்நெட்டில் வெள்ளைக்காரர் ஒருவர், இருட்டு நிறத்துக் காருக்கு மெழுகு எப்படிப் பூசுவது என்று சாமி கும்பிடுகிற பக்தியோடு சொல்லிக்கொடுத்தார். முதலில் தூசு துளியும் இல்லாமல் கழுவ வேண்டும். நிழலில் வைத்து மெல்லிசாக ஒரு பூச்சு. காய்ந்ததும் பூத்துவாலையால் வட்டமாகத் துடைக்க வேண்டும். அப்புறம் அதை ஒரு நாள் ஆறவிட்டு, மேலே இன்னொரு பூச்சு. இப்படி அடுக்கினால் கருப்புக்கு ஓர் ஆழம் வரும் என்றார். இரண்டு மூன்று பூச்சுக்குமேல் போடுவதில் பிரயோஜனம் இல்லை என்றும் சொன்னார். அதை நான் அவருடைய தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

தூசு இல்லாத நிழல் எங்கள் ஏரியாவில் கிடைக்காது. தண்டையார்பேட்டையில் ஒரு நண்பனின் கிடங்கு காலியாக இருந்தது. ஆபீஸ் முடிந்ததும் அங்கே போய், தரையில் தண்ணீர் தெளித்து, ஷட்டரை இறக்கிவிட்டு, ஒரு பூச்சு போடுவேன். மறுநாள் இன்னொன்று. கல்யாண வீட்டில் பந்தல்காரர், சமையல்காரர் என்று அவனவன் அலைந்துகொண்டிருக்க, பெண்ணின் அண்ணன் இருட்டுக் கிடங்கில் காரைத் தடவிக்கொண்டிருந்தான். ஒருநாள் என்னைத் தேடிக்கொண்டு நைனாவே வந்துவிட்டார். கதவருகில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இன்னாடா, கார தொடைக்கிறியா, தூங்க வெக்கிறியா?”

எத்தனை பூச்சு போட்டேன் என்று கேட்காதீர்கள். டப்பா காலியாகி இன்னொரு டப்பா வாங்கினேன். கடைசியில் கதவில் என் மூக்கு முடி தெரிந்தது. ஈ வந்து போனட்டில் உட்கார்ந்தால் வழுக்கியது (இதை வீட்டில் யாரும் நம்புவதில்லை, நான் பார்த்தேன்). அவ்வளவு ஆழம் வந்துவிட்டது. அந்தப் பெருமையில், மாப்பிள்ளை அழைப்புக் கார் என்றால் அதன்மேல் பூ ஒட்டுவார்கள் என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

மாப்பிள்ளை அழைப்பன்று சாயங்காலம் அலங்காரம் செய்ய ராயபுரத்திலிருந்து பாபு அண்ணன் வந்தார். எங்கள் குப்பத்துக் கல்யாணக் கார்கள் எல்லாம் அவர் கை பட்டவைதான். ரோஜா, சாமந்திச் சரங்கள், கலை என்று ஒரு தெர்மாகோல் அட்டை, தீனா என்று ஒன்று, நடுவில் சிவப்பாக ஓர் இதயம். டேப்பைக் கிழித்து முதல் சரத்தை போனட்டில் ஒட்டினார். அது நிதானமாகக் கீழே இறங்கித் தரையில் படுத்துக்கொண்டது. மறுபடி ஒட்டினார். மறுபடி இறங்கியது.

“இன்னாபா இது, எண்ண தேச்சிக் குளிப்பாட்டிகீறியா?” என்று கேட்டுவிட்டு, பையிலிருந்து தின்னர் பாட்டிலை எடுத்தார்.

நான் பாய்ந்து பாட்டிலைப் பிடுங்கினேன். இது பூச்சுப் பூச்சாக ஏற்றிய மெழுகு, தின்னர் பட்டால் எல்லாம் போய்விடும் என்று கெஞ்சினேன். பாபு அண்ணன் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார்.

“மெழுகு வேணுமா, மாப்ள பேரு வேணுமா?”

இரண்டும் வேண்டும் என்றேன். அன்றைக்கு நான் செய்த முட்டாள்தனங்களில் அதுதான் மூத்தது. அவர் தலையில் அடித்துக்கொண்டு, சரங்களையும் அட்டைகளையும் நூலில் கோத்து, இந்தப் பக்கக் கண்ணாடியிலிருந்து அந்தப் பக்கக் கண்ணாடிக்கு இழுத்துக் கட்டினார். ஊர்ந்து போ, பிரேக்கை மட்டும் அழுத்திவிடாதே என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

அம்மன் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலம். தீனா கோட்டு சூட்டில், கழுத்தில் கனமான மாலையோடு பின் சீட்டில். பக்கத்தில் அவருடைய அத்தை தேசம்மா. தாயில்லாத தீனாவை வளர்த்தவர் அவர்தான், அவர் பேச்சுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. முன்னால் பேண்டு வாத்தியம், அதற்குமுன் மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆட்டம். அவர்களில் ஒருவன் ஆடிய உற்சாகத்தில் எகிறி போனட்டில் உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்திலேயே வழுக்கிக்கொண்டு கீழே போனான். நான் பதறிப் பிரேக்கை அழுத்தினேன்.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுந்து தட்டிவிட்டுக்கொண்டு ஓரமாகப் போய்விட்டான். ஆனால் அவன் போன வழியில் நூலும் போயிருந்தது. சரங்கள் சரிந்தன, இதயம் சரிந்தது, கலை என்ற அட்டை மட்டும் வைப்பரில் மாட்டித் தொங்கியது. தீனா அட்டையைக் காணோம். நகர்ந்து பார்க்கலாம் என்று வண்டியை ஓரடி எடுத்தேன். சக்கரத்தின்கீழ் தெர்மாகோல் நொறுங்கும் சத்தம் கேட்டது. பதற்றத்தில் ரிவர்ஸ் போட்டேன். இன்னொரு தரம் நொறுங்கியது.

பேண்டு நின்றது. தேசம்மா அத்தை கதவைத் திறந்து இறங்கிக் குனிந்து பார்த்தார். அவர் நிமிர்ந்தபோது முகத்தில் இருந்தது கோபமில்லை, பயம்.

“மாப்ள பேரு மேலயே வண்டிய ஏத்திட்டியேப்பா. கடலுக்குப் போற புள்ள.”

மாப்பிள்ளை இந்தக் காரில் இனி ஏறக் கூடாது என்றார் அத்தை. கோயிலுக்குத் திரும்பிப் போய்ப் பூ கேட்டுவிட்டு, அம்மன் உத்தரவு கொடுத்தால்தான் மேற்கொண்டு பேச்சு என்றார். அவர் பக்கத்து ஆட்கள் தலையாட்டினார்கள். தெருவோரத்தில் நைனா நின்றிருந்தார். என்னைப் பார்க்கவில்லை, காரையும் பார்க்கவில்லை. மண்டபத்தில் கலை அலங்காரம் முடித்துக் காத்திருப்பாள். பூ கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? கிடைத்தாலும், நாளைக்கு தீனா படகு கரைக்கு வர ஒரு மணி நேரம் தாமதமானால், அந்த வீட்டில் எல்லோரும் அவளைத்தானே பார்ப்பார்கள்?

அந்த நேரத்தில் நான் செய்த காரியத்தைக் கல்யாண வீடியோவில் இன்றும் பார்க்கலாம். காரைவிட்டு இறங்கி, கைக்குட்டையை எடுத்து போனட்டில் இருந்த மெழுகை வெறிபிடித்தவன் போல் துடைத்தேன். துடைக்கத் துடைக்க அது இன்னும் பளபளத்தது.

தீனா இறங்கினார். நொறுங்கிய தன் பெயரைக் குனிந்து பார்த்தார். பிறகு மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டார். கல்யாணம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவர் நண்பர்கள் வந்த லோடு வண்டியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“மாமு, காலைல வாங்கினு வந்த வல வண்டிலதான கீது? எட்தா.”

வந்தது இன்னும் தண்ணீர் பார்க்காத புது வீச்சு வலை. விளிம்பெல்லாம் ஈயக் குண்டு. தீனா வலையைக் கையில் மடித்து, ஒரு முனையைப் பல்லில் கடித்து, பேண்டுக்காரர்களை ஒதுங்கச் சொல்லி, இடுப்பை ஒரு திருப்புத் திருப்பி வீசினார். வலை வட்டமாக விரிந்து, காரின் மூக்கிலிருந்து கூரைவரை ஒரே வீச்சில் விழுந்து மூடியது. ஈயக் குண்டுகள் நாலு பக்கமும் படபடவென்று என் மெழுகில் இறங்கின. எனக்கு வலித்தது என்பதை மறைக்க மாட்டேன்.

தெருவே விசிலடித்தது. தீனா அத்தையிடம் போய் மெதுவாக ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று இன்றுவரை இருவரும் சொல்லவில்லை. புது வலைக்கு வீட்டுப் பெண் குங்குமம் வைத்துத்தான் கடலுக்கு அனுப்புவது எங்கள் வழக்கம். தேசம்மா அத்தை இடுப்பிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்து, வலையின் நடுக்கண்ணியில், சரியாக போனட்டின்மேல், அழுத்தி ஒரு பொட்டு வைத்தார்.

“இனிமே நழுவாது. வண்டிய எடு,” என்றார்.

பெண்கள் சூழ்ந்துகொண்டு, சரிந்து கிடந்த பூவை எல்லாம் வலைக் கண்ணிகளில் செருகினார்கள். டேப் தேவைப்படவில்லை. முன்கண்ணாடியையும் வலை மூடியிருந்ததால் கண்ணி வழியாகப் பார்த்துத்தான் ஓட்டினேன். மீனுக்கு உலகம் இப்படித்தான் தெரியும் போல. மண்டப வாசலில் நைனா முன்னால் வந்து, வலைக்குள் பூவும் பளபளப்புமாக நின்ற காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி, நல்ல மீன்பாடு என்றார். அவர் என் காரைப் பாராட்டியது அந்த ஒரே தடவைதான், அதுவும் மீனாக நினைத்து.

வலையை எடுத்த மறுநாள் வெயிலில்தான் பார்த்தேன். போனட் முழுக்க, கண்ணி பதிந்த இடமெல்லாம், சின்னச் சின்னக் கட்டமாகக் கீறல். அதை மறைக்க இன்னொரு பூச்சு மெழுகு போட்டேன். பூசப் பூச அது துலக்கமாகத் தெரிந்தது. விற்கலாம் என்றால், வாங்க வந்தவர்கள் மீன் செதில் மாதிரி இருக்கிறதே என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பாபு அண்ணன் மட்டும் பிழைத்துக்கொண்டார். இப்போது எங்கள் பக்கம் முக்கால்வாசி மாப்பிள்ளைகள் வலை போட்ட காரில்தான் வருகிறார்கள். வீட்டில் யார் நெற்றியிலாவது ஸ்டிக்கர் பொட்டு நிற்கவில்லை என்றால், உங்கண்ணன் மெழுகு போட்டுட்டானா என்று கலையைக் கேட்பார்கள்.

போன மாதம் கலையின் மகள் பள்ளிக்கூடத்தில் கார் வரைந்தாள். கருப்புக் கார், உடம்பெல்லாம் செதில். டீச்சர் அதைச் சிவப்பு மையில் சுழித்து, காருக்கு ஏது செதில் என்று எழுதி அனுப்பியிருந்தார். கலை என்னிடம் சாவி வாங்கிக்கொண்டு போய், காரைப் பள்ளிக்கூட வாசலில் நல்ல வெயிலில் நிறுத்தி, டீச்சரை வெளியே அழைத்துக் காட்டியிருக்கிறாள்.

“பாத்துக்கோங்க மிஸ். எங்க வூட்டுக்காரரு புட்ச மீனு.”